கொழிஞ்சாம்பாறைத் தம்பிக்கு, ஷார்ஜாவிலிருந்து

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததும் சிரிப்பு வந்தது, கூடவே கொஞ்சம் கவலையும். கேரளத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய நம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து வந்து இங்கே ஒரு வணிக நிறுவனத்தில் கணக்கு எழுதச் சேர்ந்திருக்கிறீர்கள். ‘பாலக்காடு’ என்றதும் திருச்சூர்க்கார மேலாளர் உங்களை மலையாளி என்று எடுத்துக்கொண்டார், நீங்களும் மறுக்கவில்லை. தமிழ் டிரைவர்களிடம்கூட மலையாளத்தில்தான் பேசுகிறீர்கள். வீட்டில் தமிழ், படித்தது தமிழ் வழி என்று இனிமேல் சொன்னால் வேலைக்கு ஆபத்து வருமா, இப்படியே ஓட்டிவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

நானும் உங்கள் பக்கம்தான், வேலந்தாவளத்துக்காரன். சொல்லிவிடுங்கள் என்பேன்.

வேலையைப் பற்றிய பயம் வீண். புரொபேஷன் இங்கே அதிகபட்சம் 6 மாதம். நடுவில் நிறுத்துவதென்றாலும் 14 நாள் முன்னதாக எழுத்தில் சொல்லியாக வேண்டும். அந்த ஆறு மாதமும் மேலாளர் பார்ப்பது வங்கிக் கணக்கு பொருந்துகிறதா, வாட் ரிட்டர்ன் 28 நாள் கெடுவுக்குள் போகிறதா என்பதைத்தான். உண்மையில், மறைப்பதுதான் வேலையைக் கெடுக்கும். மலையாளத்தில் யாரோ வேகமாகச் சொன்ன தொகை பாதிதான் காதில் விழுந்தது என்று வையுங்கள். தமிழ் வழியில் படித்தவர் என்று தெரிந்திருந்தால் ‘இன்னொரு முறை சொல்லுங்கள் சேட்டா’ என்று கூச்சமில்லாமல் கேட்கலாம். வேடம் போட்டவர் தலையாட்டிவிட்டு, சாயங்காலம் தவறான தொகையை ஏற்றுவார்.

இதைவிடப் பெரிய தொல்லை ஒன்று இருக்கிறது. உங்களைத் தங்கள் ஆள் என்று நினைத்து ‘பாண்டி’களைப் பற்றி, அதாவது தமிழர்களைப் பற்றி, நகைச்சுவை சொல்வார்கள், நீங்களும் சேர்ந்து சிரிக்க வேண்டும். அந்தப் பக்கம் டிரைவர்கள், உங்களுக்குப் புரியாது என்ற தைரியத்தில், உங்கள் காது படவே உங்களைத் திட்டுவார்கள். ஒருநாள் விஷயம் வெளியே வரும். நீங்கள் தமிழர் என்பதை இரண்டு தரப்பும் மறுநாளே மறந்துவிடும். இத்தனை நாள் எல்லாவற்றையும் காதில் வாங்கிக்கொண்டு கல்லுப்போல் உட்கார்ந்திருந்தீர்களே, அதை மறக்காது.

எங்கள் கிடங்கில் நம் பாலக்காட்டுப் பக்கத்துக் கோபாலபுரத்துப் பையன் ஒருவன் இருந்தான். மதியம் மற்றவர்கள் சிவப்பரிசிச் சோறும் மீன்குழம்புமாக உட்காரும்போது, அறையில் கடைந்த கொள்ளுப் பருப்பைத் தூக்குப்போசியில் கொண்டுவந்து, மூடியைப் பாதி மட்டும் திறந்து, சுவரைப் பார்த்துச் சாப்பிடுவான். கொல்லத்துக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்து, ‘முதிரயல்லே இது’ (கொள்ளுதானே இது) என்று கேட்டு, ஒரு கரண்டி எடுத்துத் தன் சோற்றில் போட்டுக்கொண்டார். அடுத்த வாரம் மூடி முழுதாகத் திறந்திருந்தது. பையனின் வாயும்தான், அப்புறம் மூட முடியவில்லை.

அதற்காக மனதில் இருப்பதையெல்லாம் கொட்ட வேண்டும் என்று இல்லை. தண்ணீர்ப் பேச்சை மட்டும் தவிர்த்துவிடுங்கள். முல்லைப் பெரியாறு என்று யாராவது ஆரம்பித்தால் நீங்கள் எதிர்க்கட்சி. ஆழியாறு என்றாலோ உங்கள் அப்பாவே தமிழ்நாட்டைத் திட்டுவார். 1970 ஒப்பந்தப்படி நம் பாலக்காட்டுச் சித்தூர் வயல்களுக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. வந்தாக வேண்டுமே! இரண்டு மாநிலங்கள் தீர்க்காததை டீ இடைவேளையில் நாம் தீர்க்கப்போவதில்லை. கோபத்தில் வாட்ஸ்அப் குழுவில் யாரையும் இழிவாக எழுதவும் கூடாது. இந்த நாட்டில் அது வழக்காகிவிடும்.

தமிழர் என்று சொல்வதால் கேரளத்தை விட்டுக்கொடுத்ததாகாது. கேரள அரசுக்கு நம்மவர்கள் தமிழிலேயே மனு எழுத 1969ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. பொங்கலுக்குப் பாலக்காடு உட்பட ஆறு மாவட்டங்களில் உள்ளூர் விடுமுறை விடுகிறார்கள். இங்கே 6 மாதம் முடிந்ததும் வெளிநாடுவாழ் கேரளத்தவருக்கான அரசு நிறுவனமான நோர்க்கா ரூட்ஸின் அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். காப்பீடும் உண்டு.

எப்படிச் சொல்வது என்றுதானே அடுத்த கேள்வி? அறிவிப்பெல்லாம் வேண்டாம். டிரைவர் பெட்ரோல் பில்லோடு வரும்போது, ‘அண்ணா, இதில் தேதி இல்லையே’ என்று தமிழில் கேளுங்கள். அறையில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். மேலாளர் விசாரித்தால், ‘வீட்டில் தமிழ்தான் சார், சித்தூர் தாலுக்கா’ என்று சொல்லுங்கள். திருச்சூர்க்காரர் அல்லவா, சித்தூர் என்றதும் அவருக்குக் கள்ளு ஞாபகம் வந்துவிடும். மீதிப் பேச்சு அந்தப் பக்கம் போய்விடும்.