கேம்பரும் கரைமண்ணும்: வாசகர் கேள்விகள்

கே: 7 மீட்டர் தார்ச்சாலை, 50க்கு 1 கேம்பர் (மழைநீர் வடிய நடுவிலிருந்து ஓரத்துக்கு வைக்கும் சரிவு). நடுவில் 140 மி.மீ. உயரம் என்கிறேன்; சைட்டில் 70 போதும் என்கிறார்கள். எது சரி?
- டிப்ளமா மாணவர், நாமக்கல்

ப: சைட்டில் சொன்னதுதான் சரி. மழைநீர் நடுவிலிருந்து இருபக்கமும் பிரிகிறது. அது ஓடும் தூரம் 3.5 மீட்டர்தான். 3.5-ஐ 50-ஆல் வகுத்தால் 0.07 மீட்டர். நீங்கள் முழு அகலத்தையும் வகுத்துவிட்டீர்கள். 140 வைத்தால் சரிவு 4 சதவீதமாகிவிடும். பாரவண்டிகள் ஓரத்தை விட்டு நடுச்சாலையையே பிடித்து ஓடும்.

டெம்ப்ளேட் (சரிவைச் சரிபார்க்கும் அச்சுச் சட்டம்) நேர்ச்சரிவா, பரவளையமா (வளைந்த சரிவா) என்றும் பாருங்கள். நடுவிலிருந்து 1.75 மீட்டரில் நேர்ச்சரிவு 35 மி.மீ. இறங்கியிருக்கும், பரவளையம் 17.5 மட்டுமே. சூப்பர்வைசரோடு தகராறு வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

கே: சாலைக்கான மண்கரையின் மேலகலம் 12 மீட்டர், நடுவில் தார் மட்டம் தரையிலிருந்து 2 மீட்டர், பக்கச்சரிவு 2:1 (2 கிடை, 1 உயரம்). குறுக்குவெட்டில் மண் கணக்கு 32 சதுர மீட்டர் வருகிறது. பில்லில் குறைத்துவிட்டார்கள். ஏன்?
- ஒப்பந்ததாரர், தேனி

ப: 2 மீட்டர் என்பது நடுமட்டம், கரையின் ஓரம் அவ்வளவு உயரம் இல்லை. தார் 7 மீட்டர், கேம்பர் 50க்கு 1 என்றால் தாரில் 70 மி.மீ., 2.5 மீட்டர் பெர்மில் (தாருக்கு வெளியே உள்ள மண் ஓரம்) 3 சதவீதத்துக்கு 75 மி.மீ., ஆக 145 குறையும். ஓர உயரம் 1.855. அடியகலம் 12 + (4 × 1.855) = 19.42 மீட்டர். சரிவகம் 29.14, அதன்மேல் கேம்பர் முகட்டுக்கு 0.96, மொத்தம் 30.10 சதுர மீட்டர். இதிலும் ஜல்லி, தார் அடுக்குகள் மண் இல்லையே! அவை 50 செ.மீ. தடிமன் என்றால் 7 × 0.5 = 3.5 கழிய வேண்டும். மிச்சம் 26.6. உங்கள் கணக்கோடு 5.4 வித்தியாசம், 100 மீட்டருக்கு 540 கன மீட்டர். தரை சமமாக இருந்தால்தான் இது பொருந்தும். கிரானுலர் சப்பேஸ் (சாலை அடுக்குகளில் அடியிலுள்ளது) பெர்முக்கு அடியிலும் ஓரம்வரை போனால் மண் இன்னும் குறையும்.

ஒன்று உங்களுக்குச் சாதகம்: இந்தக் கணக்கு இறுகிய மண்ணுக்கு. லாரியில் வரும் உதிரி மண் இதைவிட அதிகம் வேண்டும். ரோலர் விளிம்புவரை போகாது, 30 செ.மீ. கூடுதலாகக் கொட்டி இறுக்கிய பிறகு வெட்டிவிடுங்கள். வெட்டாமல் விட்டால் முதல் மழையில் ஓரம் சரியும்.

கே: 300 மீட்டர் ஆர வளைவு, 80 கி.மீ. வேகம். வெளி விளிம்பு எவ்வளவு உயரும்?
- உதவிப் பொறியாளர், திண்டுக்கல்

ப: வளைவில் வெளிவிளிம்பை ஏற்றும் சரிவுக்கு, 80-ன் வர்க்கத்தை 225 × 300-ஆல் வகுத்தால் 9.5 சதவீதம். இந்தியச் சாலைக் காங்கிரஸ் சமவெளியில் 7-க்கு மேல் அனுமதிப்பதில்லை. மீதியை டயர் உராய்வு தாங்கும், உராய்வுக் கெழு 0.098 போதும், வரம்பு 0.15. 7 மீட்டர் சாலை என்றால், வளைவுக்கான கூடுதல் அகலம் 0.6 சேர்த்து 7.6 × 0.07 = 53 செ.மீ. நடுக்கோட்டை அச்சாக வைத்தால் உள்விளிம்பு 27 தாழும், வெளிவிளிம்பு 27 ஏறும். வெள்ளம் தேங்கும் தாழ்வான இடமென்றால் உள்விளிம்பையே அச்சாக்குங்கள்; மண் செலவு கூடினாலும் உள்பக்கம் நீரில் இறங்காது.