சார்க்கையும் ஐ.நா.வையும் எதை வைத்து ஒப்பிடுவது?

தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க்கை ஐ.நா.வோடு ஒப்பிடும் உங்கள் கட்டுரை வெறும் உறுப்பினர் பட்டியலாகவே வந்து நிற்கிறது என்கிறீர்கள். முடிவெடுக்கும் முறையிலிருந்து தொடங்குங்கள். ஐ.நா. பொதுச்சபையில் 193 நாடுகளுக்கும் தலைக்கொரு வாக்கு. இன்னொரு உலக அமைப்பான பன்னாட்டு நாணய நிதியத்தில் அப்படியில்லை. முக்கிய முடிவுகளுக்கு 85 சதவீத வாக்கு வேண்டும், அமெரிக்கா கையில் மட்டும் 16 சதவீதத்துக்கு மேல். கணக்கு புரிகிறதா? அது ஒன்று எதிர்த்தாலே 85 எட்டாது.

சார்க் வேறு மாதிரி. 1985 சாசனத்தின் 10வது பிரிவுப்படி எல்லா முடிவும் ஒருமனதாக இருக்க வேண்டும். இருதரப்புச் சச்சரவுகளைப் பேசவே கூடாது. கடைசியில் அப்படியொரு சச்சரவுதான், இந்தியா–பாகிஸ்தான் சச்சரவு, சார்க்கை முடக்கிப் போட்டது. 2014 காத்மாண்டு மாநாட்டோடு உச்சிமாநாடுகள் நின்றுவிட்டன.

அப்புறம், வட்டார அமைப்பு என்றாலே பலவீனம் என்று எழுதிவிடாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் பல விஷயங்களுக்கு 55 சதவீத நாடுகளும் 65 சதவீத மக்கள்தொகையும் இருந்தால் போதும். ஒரு நாடு முரண்டு பிடித்தாலும் வேலை நடக்கும்.