கோலிக்குண்டில் கூட்டல்: பல்சக்கரம் எதற்கு?

காரைக்குடிப் பக்கத்துப் பள்ளி ஒன்றின் ஆசிரியர் கேட்கிறார்: கணினி எப்படிக் கூட்டுகிறது என்பதை மரத்தில் செய்து காட்ட முடியுமா, அதற்குப் பிரெஞ்சுக் கணித அறிஞர் பாஸ்கலின் கூட்டல் இயந்திரத்தில் இருந்ததுபோல் பல்சக்கரம் வேண்டுமா?

முடியும், பல்சக்கரம் வேண்டாம். 1642-இல் பாஸ்கலுக்கே பெரும் தலைவலி, 9-க்கு அடுத்து மீதியைப் பக்கத்துச் சக்கரத்துக்கு ஏற்றுவதுதான். 999-உடன் ஒன்றைக் கூட்டினால் எல்லாச் சக்கரங்களும் ஒருசேர நகர வேண்டும். அவர் எடை ஏற்றிய நெம்புகோல் வைத்துச் சமாளித்தார். நம் தச்சருக்கு ஏன் அந்தச் சோதனை?

0, 1 மட்டுமே கொண்ட இரும எண்ணும் கோலிக்குண்டும் போதும். சாய்வான பலகையில் சீசா போன்ற ஆடுபலகைகளை 1, 2, 4, 8 என மதிப்புக் கொடுத்து வரிசையாகப் பொருத்துங்கள். இடப்பக்கம் சாய்ந்தால் 0, வலப்பக்கம் 1. 0 நிலையில் உள்ள பலகையில் விழும் குண்டு அதை 1 ஆக்கிவிட்டு வெளியேறும். 1 நிலையில் உள்ளதில் விழுந்தால் பலகை 0-க்குத் திரும்பும்; குண்டு அடுத்த பலகைக்கு உருளும். மீதி ஏறுவது கண்ணெதிரே நடக்கும். முதலில் 5-ஐ வையுங்கள்: 1, 4 மதிப்புள்ள பலகைகளில் ஒவ்வொரு குண்டு. பிறகு 3: 1, 2 ஆகியவற்றில். கடைசிக் குண்டு 2, 4 இரண்டையும் 0-க்குக் கவிழ்த்துவிட்டு, 8-ஐ 1 ஆக்கி வெளியேறும்; விடை 8. அந்தக் கடகட ஓசைக்கே பிள்ளைகள் மறுபடியும் கேட்பார்கள்.

சட்டத்துக்குக் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் கிடைக்கும் பழைய தேக்கு அருமை. ஆடுபலகைக்கு மட்டும் தேக்கு வேண்டாம். கனமான பலகையைக் கண்ணாடிக் குண்டால் கவிழ்ப்பது கடினம். மெல்லிய ஒட்டுப்பலகையே சரி. எடை அச்சாணிக்குச் சற்று மேலே இருக்கட்டும், இல்லாவிட்டால் பலகை நடுவில் நின்று திகைக்கும்.