எடையைச் சொல்லி வேலையில் ஒதுக்கினால்?

கேள்வி: அக்கா, ஒரு துணிக்கடையில் பல வருஷமாகக் கவுன்ட்டரில் இருந்தேன். புது மேனேஜர் வந்ததும், 'உன் உடம்பு கடை முகப்புக்குச் சரிவராது' என்று எல்லார் முன்னாலும் சொல்லி ஸ்டோர் ரூமுக்கு மாற்றிவிட்டார். வீட்டில் அழுதால், 'அப்போ உடம்பைக் குறை' என்கிறார்கள். என்ன செய்வது?
- பெயர் வேண்டாம், ஃபீனிக்ஸ், டர்பன்

பதில்: தங்கச்சி, உடம்பைக் குறைப்பதா வேண்டாமா என்பது நீங்களும் உங்கள் டாக்டரும் பேசிக்கொள்ள வேண்டியது. மேனேஜர் செய்தது தப்பு, அது வேறு கணக்கு. இரண்டையும் ஒன்றாக்கி வீட்டில் உங்கள் தலையிலேயே கட்டுகிறார்களே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நம்மவர்களிடம் இந்தப் பேச்சு ரொம்பச் சகஜமாகிவிட்டது, மாரியம்மன் கோயிலில் கூழ் வாங்க நின்றால்கூட யாராவது இடுப்பைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லாமல் விடுவதில்லை. 2016-ம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி தென்னாப்பிரிக்காவில் வயதுவந்த பெண்களில் 68 சதவீதம் பேருக்கு எடை அதிகம். அந்தக் கடையில் துணி வாங்குகிறவர்களும் இவர்கள்தானே.

சரி, சட்டத்துக்கு வருவோம். 1998-ம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம், 6-ம் பிரிவு, வேலையிடத்தில் நியாயமற்ற பாகுபாட்டைத் தடுக்கிறது. இனம், மதம், ஊனம் என்று போகும் அந்தப் பட்டியலில் எடை இல்லை, ஆனால் அதுபோல நியாயமில்லாத வேறு காரணங்களுக்கும் அங்கே இடம் உண்டு. அந்த வழியாகப் போனால் நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது, அதனால் இன்றைக்கே எழுதி வையுங்கள்: தேதி, அவர் சொன்ன அதே வார்த்தைகள், யார் யார் கேட்டார்கள். பழைய டியூட்டி அட்டவணை இருந்தால் படம் எடுத்து வையுங்கள். அப்புறம் நிர்வாகத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் கடைக்குள்ளேயே தீர்க்கப் பார்த்தீர்களா என்று, வேலைத் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் அமைப்பான சிசிஎம்ஏ (CCMA) கேட்கும். தீரவில்லை என்றால் சம்பவம் நடந்த 6 மாதத்துக்குள் அங்கே மனு போட வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது.

கேள்வி: கிளினிக்கில் பிரஷர் பார்க்கும் பட்டை என் கைக்குச் சுற்று பற்றவில்லை. நர்ஸ் அதையே இழுத்துச் சுற்றிப் பார்த்துவிட்டு, 'பிரஷர் அதிகம், முதலில் சாப்பாட்டைக் குறைங்க' என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். திரும்பப் போகவே கூச்சமாக இருக்கிறது.
- வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: தயவுசெய்து போங்கள் தம்பி. கைக்குச் சிறிய பட்டையைக் கட்டினால் பிரஷர் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும், அந்த எண்ணை வைத்து மாத்திரை எழுதினால் கஷ்டம் உங்களுக்குத்தான். 'பெரிய பட்டை கொண்டு வாங்க' என்று கேளுங்கள், ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்த பிறகு பார்க்கச் சொல்லுங்கள். அதிலும் அதிகம் என்றால் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். ஏற்கெனவே மாத்திரை எடுக்கிறவர் என்றால் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். முழங்கால் வலி, மூச்சிரைப்பு என்று எது சொன்னாலும் எடையிலேயே பேச்சை முடித்தால், 'ஒல்லியானவருக்கு இதே தொல்லை இருந்தால் என்ன டெஸ்ட் எடுப்பீங்க, எனக்கும் அதை எடுங்க' என்று நேராகக் கேளுங்கள். அவமானப்படுத்திப் பேசினால் கிளினிக் பொறுப்பாளரிடம் எழுத்தில் புகார் கொடுக்கலாம், 2003-ம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டம் அந்த உரிமையைத் தந்திருக்கிறது.