செவ்வாய்க் காற்றைப் படித்தால் பினாங்கில் சோறு போடுமா?

வணக்கம் அக்கா.

பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறி வந்து, “செவ்வாய்க் கோளின் காற்றைப் படித்தால் என் மகளுக்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்?” என்று கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். அன்று அவள் பக்கத்தில் இருந்ததால் முழுதாகப் பேச முடியவில்லை.

செவ்வாய் என்றதும் ஜாதகக் கட்டம்தான் ஞாபகம் வந்தது என்று சிரித்தீர்கள். அவள் ஆசைப்படுவது சுத்தமான வேதியியல். செவ்வாய்க் காற்றில் சுமார் 95 விழுக்காடு கரியமில வாயு. சூரியனின் புற ஊதாக் கதிர் அந்த மூலக்கூறைக் கார்பன் மோனாக்சைடும் ஆக்சிஜன் அணுவுமாக உடைக்கிறது. உடைந்த இரண்டும் நேரடியாக மறுபடி சேர்வது மிக மெதுவாகத்தான் நடக்கும். அப்படியானால் இத்தனை காலத்தில் கரியமில வாயு பெருமளவு தீர்ந்திருக்க வேண்டாமா? தீரவில்லை. காரணம், அங்கே கொஞ்சமே கொஞ்சம் இருக்கும் நீராவி. அதையும் கதிர் உடைக்கிறது; அதில் பிறக்கும் ஹைட்ராக்சில் (ஓர் ஆக்சிஜன் அணுவும் ஒரு ஹைட்ரஜன் அணுவும் சேர்ந்த துணுக்கு), கார்பன் மோனாக்சைடைத் திரும்பக் கரியமில வாயுவாக்கிவிடுகிறது. ஆய்வாளர்கள் இந்த விடைக்கு வந்தது 1972 வாக்கில்தான். அதை உங்கள் மகள் என் மேசையில் கிடந்த ரசீதின் பின்பக்கம் வரைந்து காட்டினாள். ஐந்தாம் படிவத்துப் பிள்ளை!

சரி, சம்பளம். கோள்களின் காற்றை மட்டும் ஆராயும் வேலை மலேசியாவில் அரிது, மறைக்க மாட்டேன். ஆனால் கதிர் பட்டால் ஒரு பொருள் என்ன ஆகும் என்று தெரிந்தவருக்கு வேலை உண்டு. கூலிம் சிப் ஆலைகளில் வேஃபர் என்னும் மெல்லிய சிலிக்கான் தட்டின் மேல் சிப்பின் வடிவத்தைப் பதிப்பது புற ஊதா ஒளிதான். பாங்கியில் அரசின் அணு ஆய்வு நிறுவனமான அகென்சி நுக்ளியர் மலேசியா, கோபால்ட்-60 என்னும் கதிரியக்கப் பொருளின் காமா கதிரால் மருத்துவப் பொருள்களைக் கிருமிநீக்கம் செய்கிறது.

ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். தேர்வு முடிந்ததும், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பான மெட்ரிகுலேஷனோ எஸ்.டி.பி.எம்மோ எடுக்கட்டும். அப்புறம் யூ.எஸ்.எம்மிலோ (பினாங்கின் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) மலாயாப் பல்கலைக்கழகத்திலோ சாதாரண வேதியியல் பட்டம். ‘விண்வெளி’ என்று பளபளப்பாகப் பெயர் வைத்த கோர்ஸுக்கு இப்போதே பணம் கட்டாதீர்கள். செவ்வாயை முதுகலையில் பார்த்துக்கொள்ளலாம்.

எனக்குக் கவலை வேறு. கூடுதல் கணிதத்தில் அவள் வாங்கியிருப்பது சி. ஒரு வினை எவ்வளவு வேகமாக நடக்கிறது என்று கணக்குப் போடுவதுதான் இந்தத் துறையில் பாதி வேலை. வேதியியல் டியூஷனை நிறுத்திவிட்டு அந்தப் பணத்தைக் கணக்கு டியூஷனுக்குக் கொடுங்கள் அக்கா.