ஐ.நா. களப்பணிக்கு ஒரு நிருபர் எந்த வழியில் போகலாம்?

கேள்வி: எனக்கு வயது 28. திருநெல்வேலியில் நாளிதழ் நிருபராக ஐந்து வருட அனுபவம். 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது ஸ்ரீவைகுண்டம் பக்கம் களத்தில் இருந்து எழுதினேன். ஐ.நா. அமைதிப்படையிலோ வெளிநாட்டு நிவாரண அமைப்பிலோ சேர ஆசை. வேலையை விட்டுவிட்டு சர்வதேச உறவுகள் முதுகலை படிக்கலாமா?

பதில்: வேலையை விடாதீர்கள். ஐ.நா.வின் பி-3 எனப்படும் நடுத்தர அதிகாரி நிலைப் பணிகளுக்கு முதுகலையோடு ஐந்து வருட அனுபவம் கேட்பார்கள். இளங்கலை மட்டும் என்றால் பெரும்பாலும் கூடுதலாக இரண்டு வருடம். அனுபவத்தை நிறுத்திப் பட்டம் வாங்குவது உங்களுக்கு நஷ்டம், தொலைநிலையில் படித்துக்கொள்ளலாம்.

அமைதிப்படை வீரர்களை நாடுகளின் அரசுகள்தான் அனுப்புகின்றன, தனியாள் விண்ணப்பிக்க முடியாது. ஆனால் அதே படைத்திட்டங்களில் சிவிலியன் பணிகள் உண்டு: மக்கள் தொடர்பு, மனித உரிமை, வானொலி. காங்கோவில் 2002-ல் தொடங்கிய ரேடியோ ஒகாபியும் தென் சூடானின் ரேடியோ மிராயாவும் ஐ.நா. படைத்திட்டங்கள் வழியே வந்த வானொலிகள்தான். மைக் முன்னால் பேசுவது உள்ளூர்க்காரர்கள் வேலை, அப்படித்தான் இருக்கவும் வேண்டும். வெளியாள் பெரும்பாலும் பயிற்சி, எடிட்டிங், தலைமையகத்துக்கு அறிக்கை என்று இருப்பார். தென் சூடான் தலைநகர் ஜூபாவில் ஆங்கிலத்தை வைத்துச் சமாளிக்கலாம். காங்கோவில் பிரெஞ்சு இல்லாமல் நகர முடியாது. முதுகலைக்கு ஒதுக்கும் பணத்தில் பாதியைப் பிரெஞ்சுக்குப் போடுங்கள் என்பேன்.

உங்களுக்கு நடைமுறையில் திறக்கக்கூடிய கதவு, ஜெர்மனியின் பான் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஐ.நா. தன்னார்வலர் திட்டம். சர்வதேச ஸ்பெஷலிஸ்ட் பிரிவுக்கு 27 வயதும் மூன்று வருட அனுபவமும் வேண்டும், உங்களிடம் இரண்டும் இருக்கின்றன. சம்பளம் கிடையாது, வாழ்க்கைப்படியும் காப்பீடும் தருவார்கள். பதிவுக்குக் கட்டணம் இல்லை. இன்டர்வியூ, பயிற்சி என்று எந்தக் கட்டத்திலாவது யாராவது பணம் கேட்டால் அது மோசடி.

இனி உங்கள் பயோடேட்டா. 'வெள்ளச் செய்தி சேகரித்தேன்' என்ற ஒற்றை வரி எதற்கும் உதவாது. நிவாரணத் துறையில் அன்றாடம் எழுதப்படுவது சிட்ரெப் என்கிற நிலவர அறிக்கை: எந்த ஊர் துண்டிக்கப்பட்டது, எத்தனை குடும்பம், குடிநீர் எப்போது வந்தது, யாரிடம் உறுதிசெய்தீர்கள். உங்கள் பழைய நோட்டுகளில் இது பாதி இருக்கும். நிவாரணப் பணிக்கான குறைந்தபட்சத் தரங்களைச் சொல்லும் ஸ்பியர் கையேடு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும், அதைப் படியுங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை என்று அதில் அளவுகோல்கள் இருக்கும். நீங்கள் பார்த்த முகாமை அந்த அளவில் வைத்து இரண்டு பக்க அறிக்கை எழுதிப் பாருங்கள். இன்டர்வியூவிலும் கொள்கை பற்றிக் கேட்பது குறைவு. 'நெருக்கடியில் தகவல்கள் முரண்பட்டபோது என்ன செய்தீர்கள்?' என்பார்கள். அன்று நீங்கள் செய்ததை வரிசையாகச் சொல்ல வேண்டும். 'நாங்கள் செய்தோம்' என்று சொன்னால் மதிப்பெண் விழாது.

நேரம் சரியில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2025-ல் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்டை மூடியது, ஐ.நா. மனிதநேய ஒருங்கிணைப்பு அலுவலகம் ஐந்தில் ஒரு பங்கு ஆட்குறைப்பை அறிவித்தது. வேலை இழந்த அனுபவசாலிகளும் உங்களோடு வரிசையில் நிற்கிறார்கள். அதனால் இந்தியாவுக்குள்ளேயே ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் அறிவிக்கும் தகவல் தொடர்புப் பணிகளுக்கும் சேர்த்து விண்ணப்பியுங்கள். நிவாரணத் துறை வேலை அறிவிப்புகள் வரும் ரிலீஃப்வெப் தளத்தில் வாரம் ஒருமுறை பாருங்கள், போதும்.

கல்யாணப் பேச்சு நடக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. நடந்தால், ஜூபா போன்ற இடங்களுக்குக் குடும்பத்தை அழைத்துப்போக முடியாது என்பதை இப்போதே வீட்டில் சொல்லிவிடுங்கள்.