ஊராட்சி பட்ஜெட்டை முடிவு செய்வதில் பொதுமக்கள் பங்கெடுக்க முடியுமா?

"எங்கள் ஊராட்சியில் பட்ஜெட் எப்போது போடுகிறார்கள் என்றே தெரிவதில்லை. நாம் போய்ப் பேசலாமா, தலைவரும் வார்டு மெம்பர்களும் மட்டும்தானா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பேசலாம். ஒப்புதல் கொடுக்கும் இடத்திலேயே நீங்கள் இருக்கிறீர்கள். 1994ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 3ஆம் பிரிவில், கிராமத்தின் திட்டத்துக்கும் அந்த வருஷத்து வரவு செலவுக்கும் ஒப்புதல் தருவது கிராம சபையின் வேலை என்று இருக்கிறது. கிராம சபை என்றால் ஊர் வாக்காளர் பட்டியலில் பேர் உள்ள எல்லாரும்.

ஆகஸ்ட் 15 அன்று ஒருமுறை போயிருப்பீர்கள். நோட்டில் கையெழுத்து வாங்கியிருப்பார்கள், டீ கொடுத்திருப்பார்கள், ஏதோ வாசித்திருப்பார்கள், கூட்டம் கலைந்திருக்கும். அதனால்தான் இந்தக் கேள்வி வந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

முதலில் காலக் கணக்கு. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்காக இருந்த கிராம சபையை 2022இல் மார்ச் 22, நவம்பர் 1 சேர்த்து ஆறாக்கினார்கள். நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. அந்த வருஷத்து வேலைப் பட்டியலை, அதாவது கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தை, முந்தைய அக்டோபர் 2 கூட்டத்திலிருந்தே எழுத ஆரம்பிக்கிறார்கள். மே மாதம் போய் ரோடு வேண்டும் என்று கேட்பவருக்கு "பாக்கலாம்" என்ற பதில்தான் கிடைக்கும், ஏனென்றால் பணம் அதற்குள் பேர் எழுதி ஒதுக்கப்பட்டுவிட்டது.

எங்கள் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். டெல்டா பக்கம். எங்கள் காலனித் தெருவிலிருந்து சுடுகாட்டுக்குப் போக ஒரு வாய்க்காலைத் தாண்ட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் சாவு விழுந்தால் பாடையைத் தோளில் வைத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்குவார்கள். என் மாமனாரையும் அப்படித்தான் கொண்டுபோனார்கள். சிறுபாலம் ஒன்று கட்டிக்கொடுங்கள் என்று தெருவே கேட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்: நிதி இல்லை.

மகளிர் குழுவில் வரவு செலவு நோட்டு எழுதுபவள் நான். நிதி இல்லை என்றால் இருந்த நிதி எங்கே போனது என்று பார்க்காமல் எனக்கு ஆறாது. கிராம சபையில் படிவம் 30 என்று செலவுச் சுருக்கத்தை பிளக்ஸில் கட்டுவார்கள். எங்கள் ஊரில் அதை மைக் செட்டுக்குப் பின்னால், படிக்க முடியாத உயரத்தில் கட்டியிருந்தார்கள். நகல் கேட்டேன். "அக்கா, அதெல்லாம் ஆபீஸ் கணக்கு" என்றார் ஊராட்சி செயலர். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனு எழுதினேன்.

அந்த மனு விஷயமாக பிடிஓ ஆபீஸுக்கு, அதாவது வட்டார வளர்ச்சி அலுவலர் அலுவலகத்துக்கு, அலைந்ததைச் சொன்னால் வேறு ஆத்திரம் வருகிறது. ஸ்டாப்பில் பெண்கள் மட்டும் நின்றால் டவுன் பஸ் நிற்காமல் போகிறது. இலவசப் பயணம் என்று அரசு கொடுத்த உரிமையை, பிரேக் போட மனமில்லாத ஒருவர் பறித்துக்கொள்கிறார். வெயிலில் கைக்குழந்தையோடு நின்ற பெண்ணை விட்டுவிட்டுப் போனதை நானே பார்த்தேன். கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தெரியும். ஆனால் அலுவலகத்துக்குப் போகவே முடியாதவர்கள் எந்தக் கணக்கைப் போய்க் கேட்பார்கள்?

கணக்கு வந்தது. தெருவிளக்குப் பராமரிப்பு, மோட்டார் பழுது, பிளீச்சிங் பவுடர் என்று வரிசையாக இருந்தது. யாரையும் திருடர் என்று நான் சொல்லவில்லை. மோட்டார் எரிந்தால் சரிசெய்துதான் ஆக வேண்டும். ஆனால் நிதி இல்லை என்பது உண்மையில்லை என்று அந்தத் தாளிலேயே தெரிந்தது.

ஜனவரி 26 கூட்டத்தில் மறுபடி கேட்டோம். தலைவர், "மத்திய நிதிக்குழு பணம் தண்ணிக்கும் துப்புரவுக்கும்தாம்மா, பாலத்துக்குத் தொட முடியாது" என்றார். இதில் பாதி சரி. 2021-26க்கான 15ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீர், சுகாதாரத்துக்கென்றே ஒதுக்கிய பணம், வேறெதற்கும் எடுக்க முடியாது. மீதி 40 சதவீதத்தைச் சம்பளம், நிர்வாகச் செலவு தவிர ஊருக்குத் தேவையானதற்குப் போடலாம் என்று இருந்தது. "தலைவரே, நாங்க அந்த அறுபதைக் கேக்கல. நாப்பதுல இருந்து கேக்குறோம்" என்றேன். அவர் பற்றாளரை, அதாவது கூட்டத்தைக் கவனிக்க அரசு அனுப்பிய அலுவலரை, பார்த்தார். "அந்தம்மா சொல்றது சரிதான்" என்று பற்றாளர் சொன்ன பிறகு பேச்சின் தொனியே மாறியது.

அடுத்தது கையெழுத்து. "நேரமாச்சு, தீர்மானத்தை அப்புறம் எழுதிக்கிறேன், எல்லாரும் கையெழுத்துப் போடுங்க" என்றார் செயலர். எங்கள் குழுப் பெண்கள் யாரும் போடவில்லை. நாங்கள் எழுந்துபோனால் குறைவெண் வரம்பு, அதாவது கூட்டம் செல்லுபடியாக இருக்க வேண்டிய ஆள்கணக்கு, இல்லாமல் போய்விடும். 501 முதல் 3000 பேர் உள்ள ஊராட்சியில் 100 பேராவது இருக்க வேண்டும். தீர்மானத்தை எழுதி, சத்தமாக வாசித்து, எண் போட்ட பிறகு கையெழுத்துப் போட்டோம். பக்கத்தை போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டேன்.

பாலம் வந்தது, அடுத்த நிதியாண்டில். நாங்கள் கேட்டது சிலாப் போட்ட பாலம், வந்தது ஹியூம் பைப் பதித்தது. மழைக்காலத்தில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொள்கிறது, நாங்களே அள்ளிப் போடுகிறோம். ஆனால் பாடை தண்ணீரில் இறங்குவதில்லை.

"நீ எந்தக் கட்சி" என்று கருத்தில் கேட்பீர்கள். நான் எந்தக் கட்சியிலும் இல்லை. அந்தத் தலைவருக்கே அடுத்த தேர்தலிலும் ஓட்டுப் போடுவேன், ஏனென்றால் எழுதிய தீர்மானத்தை அவர் நிறைவேற்றினார். "ஒரு ஊரில் நடந்தால் எல்லா ஊரிலும் நடக்குமா" என்பதும் நியாயமான கேள்விதான். கூட்டத்தை எங்கே வைக்கிறார்கள் என்பதிலேயே பாதி முடிவாகிவிடுகிறது. மத சம்பந்தமான வளாகத்தில் நடத்தக்கூடாது, குக்கிராமங்களுக்கு மாற்றி மாற்றி நடத்த வேண்டும் என்று உத்தரவு இருந்தும், கோயில் வாசலில் போட்டுவிட்டு எங்கள் ஆட்கள் ஓரமாக நின்று கேட்ட காலம் உண்டு. எங்கள் தெருவிலும் ஒருமுறை நடத்தச் சொல்லிப் போராடியதும் பட்ஜெட் வேலையில் சேர்த்திதான்.

தேர்ந்தெடுத்த ஆள் இல்லாவிட்டால் இதெல்லாம் இன்னும் கஷ்டம். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு பதவிக்காலம் முடிந்து நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது. 2016க்குப் பிறகும் இப்படித்தான் வருஷக்கணக்கில் கிடந்தோம். தனி அலுவலர் இருந்தாலும் கிராம சபையின் அதிகாரம் போய்விடாது. அதே கேள்வியை அவரிடம் கேளுங்கள்.

நீங்கள் நகராட்சி, மாநகராட்சி என்றால் வழி வேறு. 2022இல் வந்த விதிப்படி வார்டுக்குள் பகுதி சபை உண்டு. அங்கே தேவைகளைச் சொல்லலாம், பட்ஜெட்டை நிறைவேற்றுவது மன்றம்தான். அதனால் பிப்ரவரிக்கு முன்பே உங்கள் கவுன்சிலரிடம் எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

ஊராட்சி என்றால், மத்திய அரசின் இகிராம்ஸ்வராஜ் (eGramSwaraj) இணையதளத்தில் உங்கள் ஊர்ப் பேரைத் தேடி இந்த வருஷத் திட்டப் பட்டியலை முதலில் பாருங்கள். உங்கள் வேலை அதில் இல்லையென்றால் அக்டோபர் 2க்கு முன்பே மனு எழுதி, இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் ஊராட்சி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். எந்த நிதியிலிருந்து கேட்கிறீர்கள் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். கூட்டம் முடிந்ததும் தீர்மான எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பிடிஓ ஆபீஸில் முதலில் கேட்பது அதைத்தான்.